வெளி மாநிலக் கல்லூரியும் உதவித்தொகையும்: பெற்றோர்களுக்கு ஒரு பாடம்

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எத்தனை மதிப்பெண், எந்தப் படிப்பு, எந்த ஊர்க் கல்லூரி? திருச்சியில் இடம் கிடைத்திருக்கிறது, புவனேஸ்வரில் கிடைத்திருக்கிறது என்ற மகிழ்ச்சி இரண்டு நாள் நீடிக்கும். மூன்றாம் நாள் கட்டண விவரம் வந்ததும் வீடு அமைதியாகிவிடும். படிப்புக் கட்டணம், விடுதி, மெஸ், வருடத்துக்கு இரண்டு முறை ரயில் செலவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, 'இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிவு செய்கிறோம். பையனைவிடப் பெண்ணுக்குத்தான் இந்த முடிவு அதிகமாக எழுதப்படுகிறது என்பதும் நாம் அறிந்ததே.

உதவித்தொகை பற்றித் தெரியாததால் மட்டும் ஒரு நல்ல இடத்தைக் கைவிடக்கூடாது. அதற்காகவே இக்கட்டுரை. நம் இதழ் அணுசக்தி நகர்க் குடியிருப்புக்கும் போகிறது. செம்பூர், மாதுங்கா, தாராவிக்கும் போகிறது. 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் குடியேறிய சீத்தா கேம்ப்புக்கும் போகிறது. எனவே மாதச் சம்பளக்காரர், தினக்கூலிக்காரர் இருவரையும் மனதில் வைத்தே எழுதுகிறோம்.

முதலில் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸில் கிடைக்கும் குழந்தைகள் கல்விப் படி, இரு குழந்தைகளுக்கு, பள்ளிப் படிப்புக்காகத் தரப்படுவது. 2024 ஜனவரி முதல் அது குழந்தைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. பிள்ளை 12ஆம் வகுப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகிறபோது அந்தப் படி நின்றுவிடும். செலவு பல மடங்கு கூடும் நேரத்தில் கையில் வருவது குறைகிறது. இதை முன்கூட்டியே கணக்கில் வைக்கவேண்டும்.

1. பணம் எந்த மாநிலத்தைக் கேட்கிறது?

உதவித்தொகை என்றால் மதிப்பெண்ணும் வருமானமும்தான் கேட்பார்கள் என்று பலர் நினைக்கிறோம். மாநில அரசு தரும் பணம் மூன்றாவதாக ஒன்றையும் கேட்கிறது: நீ எந்த மாநிலத்துப் பிள்ளை? புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதற்கு ஒரே பதில் இல்லை. தந்தை பிறந்த மாநிலம் ஒன்று, 12ஆம் வகுப்பு படித்த மாநிலம் ஒன்று, கல்லூரி இருக்கும் மாநிலம் மற்றொன்று. இம்மூன்றில் எதைப் பார்க்கிறார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இவ்விரண்டும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த நம் பிள்ளை, தமிழிலேயே படித்திருந்தாலும், இதில் சேராது.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு, தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட, வெளி மாநிலத்தில் படித்த மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்கு நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் கட்டாயம். சொந்த ஊர்த் தாசில்தார் அலுவலகம் வழியாகப் பெறவேண்டிய சான்றிதழ் இது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து கலந்தாய்வு மூலம் சேரும் பிள்ளைக்கு, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை என்ற திட்டமும் 2010 முதல் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒன்றைத் தாலுகா ஆபீஸுக்கும் ஒதுக்குங்கள்.

இனி மகாராஷ்டிரம். 2024 ஜூலையில் வந்த அரசாணைப்படி, இம்மாநிலத்தின் டொமிசைல் பெற்று, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, அரசின் பொதுச் சேர்க்கை முறையில் தொழிற்கல்வியில் சேரும் பெண்களுக்குப் படிப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுவதும் தள்ளுபடி. இது மகாராஷ்டிரக் கல்லூரிக்கு மட்டும். எல்லையைத் தாண்டினால் கூட வராது. ஆகவே மகளைக் கோவைக்கு அனுப்புமுன், இங்கேயே கட்டணமில்லாமல் கிடைக்கக்கூடிய இடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூர் அனுப்புவதுதான் பெருமை என்றில்லை.

என்.ஐ.டி.க்களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவர்க்கு. இங்கே தாய்மொழியையோ தந்தையின் ஊரையோ பார்ப்பதில்லை. 12ஆம் வகுப்பைத் தேறிய மாநிலத்தையே பார்க்கிறார்கள். மும்பையில் 12 படித்த தமிழ்ப் பிள்ளை நாக்பூர் என்.ஐ.டி.க்கு உள்மாநிலம், திருச்சி என்.ஐ.டி.க்கு வெளிமாநிலம். திருச்சிக்குக் கட்-ஆஃப் பார்க்கும்போது வெளிமாநிலப் பட்டியலைப் பார்க்கவேண்டும். உள்மாநிலப் பட்டியலைப் பார்த்து நம்பிக்கை வைத்து ஏமாறவேண்டாம்.

2. சாதிச் சான்றிதழ்: அவசியம் அறியவேண்டியது

இந்தச் சிக்கலுக்கு அடிப்படையான ஒரு வழக்கு நம் பகுதியிலேயே பிறந்தது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு குடும்பம், மத்திய அரசின் உரத் தொழிற்சாலை வேலைக்காக 1978இல் பம்பாய்க்கு வந்தது. அப்போது 9 வயதுப் பிள்ளையாக இருந்த மகன் வளர்ந்து, பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதலியவற்றில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டான், மறுக்கப்பட்டது. உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. ஒரு சமூகம் எந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறதோ அந்த மாநிலத்தைப் பொறுத்தே அந்த உரிமை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அதைக் கோர முடியாது என்பதே அதன் சாரம்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று.

ஒன்று: மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் சலுகை பெற, குடும்பம் குறிப்பிட்ட நாளுக்கு முன்பே இங்கு குடியிருந்ததற்கான ஆதாரம் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 1950 ஆகஸ்ட் 10. பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. தாராவியில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பாட்டனாரின் பள்ளிச் சான்றோ, ஆலை வேலைச் சீட்டோ, வாடகை ரசீதோ பழைய தகரப் பெட்டியில் இருக்கலாம். அதைத் தூக்கி எறியாதீர்கள். பேரப்பிள்ளையின் படிப்பு அதில் இருக்கலாம்.

இரண்டு: அதற்குப் பின் வந்த குடும்பமானாலும் உரிமை அற்றுப்போவதில்லை. தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை வைத்துப் பிள்ளைக்கும் சான்றிதழ் பெறலாம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் அது செல்லும். பிற்படுத்தப்பட்டோர் மட்டும் தங்கள் சமூகம் மத்திய அரசின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; மாநிலப் பட்டியல் வேறு, மத்தியப் பட்டியல் வேறு.

மூன்று: பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை, மாணவர் வேறு மாநிலத்தில் படித்தாலும், அவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநில அரசு தருவது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். கல்லூரி இருக்கும் மாநிலத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

3. மாநிலம் கேட்காத பணம்

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இந்த வகைதான். இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கல்வி நிறுவனமே தரும் கட்டணக் குறைப்பு. ஐ.ஐ.டி.யின் ஆண்டுப் படிப்புக் கட்டணம் 2016 முதல் 2 லட்சம்; என்.ஐ.டி.யில் 1.25 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி; 1 முதல் 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வருமானம் பாராமல் முழுத் தள்ளுபடி. பெங்களூரில் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களும் குடும்ப நிலைமையைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. விளம்பரத்தில் உள்ள கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கக்கூடாது, 'எங்களுக்கு எவ்வளவு?' என்று கேட்கவேண்டும்.

இரண்டாம் வகை, மத்திய அரசின் உதவித்தொகை.

கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் திட்டத்தில் ஆண்டுதோறும் 82,000 பேருக்குப் புதிதாக வழங்குகிறார்கள். இளநிலைப் படிப்பில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மதிப்பெண்ணில் 80 பெர்சென்டைலுக்கு மேல் வேண்டும். இது 80 மதிப்பெண் அல்ல. அதே போர்டில், அதே பிரிவில் தேறியவர்களை வரிசைப்படுத்தினால் மேல் ஐந்தில் ஒரு பங்கில் இருக்கவேண்டும் என்று பொருள். இங்கே கேட்பது போர்டைத்தான். அணுசக்தி மத்தியப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. படித்த பிள்ளை சி.பி.எஸ்.இ. பிள்ளைகளோடும், மகாராஷ்டிர போர்டில் படித்த பிள்ளை அந்த போர்டுப் பிள்ளைகளோடும் போட்டியிடும். கல்லூரி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி.

அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை 2008இல் தொடங்கியது. 12ஆம் வகுப்பில் தத்தம் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, பி.எஸ்ஸி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி.யில் அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கானது. வருமான வரம்பு கிடையாது. இரு பெற்றோரும் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இது இல்லை.

அணுசக்தி நகர்ப் பெற்றோர் கட்டாயம் அறியவேண்டியது நெஸ்ட் தேர்வு. நம் அணுசக்தித் துறை நடத்தும் புவனேஸ்வர் நைசர், மும்பைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் அடிப்படை அறிவியல் மையம், இவ்விரண்டின் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி.க்கான நுழைவுத் தேர்வு இது. சேரும் மாணவர்களில் தகுதி பெறுவோர்க்கு இன்ஸ்பயர் அல்லது துறையின் சொந்தத் திட்டமான திஷா மூலம் மாதம் 5,000 ரூபாயும் கோடைப் பயிற்சிக்குத் தனியாகவும் கிடைக்கிறது. ஜே.இ.இ. ஒன்றையே உலகமாக நினைக்கும் நம் குடியிருப்பில், வாசலிலேயே உள்ள இந்த வழியைப் பலர் கவனிப்பதில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். வருமான வரம்பு 8 லட்சம். டிப்ளமோவுக்கும் உண்டு.

அண்ணன், அக்கா காலத்தில் இருந்தவை சில இன்று இல்லை. கே.வி.பி.ஒய். 2022இல் நின்று இன்ஸ்பயருடன் சேர்க்கப்பட்டது. என்.டி.எஸ்.இ.யும் 2021க்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. பழைய கோச்சிங் நோட்டீஸைப் பார்த்துப் பிள்ளையைத் தயார்செய்ய வேண்டாம்.

மூன்றாம் வகை, அறக்கட்டளைகள். இந்த விஷயத்தில் மும்பைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜே.என். டாட்டா அறநிதி 1892 முதல் வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவி அளித்து வருகிறது. பின்னாளில் பி.ஏ.ஆர்.சி. இயக்குநராக இருந்த ராஜா ராமண்ணா லண்டனில் முனைவர் பட்டம் படித்தது டாட்டா உதவியில்தான். பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கே.சி. மஹிந்திரா அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை தருகிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை, நாடு முழுவதும் 5,000 மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்து 2 லட்சம் வரை. முதலாண்டு மாணவர்களே விண்ணப்பிக்க முடியும். 12இல் 60 சதவீதம் வேண்டும். ஒரு திறனறித் தேர்வும் உண்டு. வருமானம் 15 லட்சத்துக்குள் இருக்கலாம், 2.5 லட்சத்துக்குள் இருப்போர்க்கு முன்னுரிமை.

4. ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.6 லட்சம். திருச்சி என்.ஐ.டி.யில் இடம். படிப்புக் கட்டணம் 1,25,000. விடுதி, மெஸ், மற்றவை 90,000 என்றும் பயணம் 10,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் ஆண்டுக்கு 2,25,000. நான்கு ஆண்டுக்கு 9 லட்சம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் வீடு பயப்படுகிறது.

இப்போது கழித்துப் பார்ப்போம். வருமானச் சான்றிதழ் கொடுத்தால் படிப்புக் கட்டணத்தில் 83,333 குறையும், கட்டவேண்டியது 41,667. ஆண்டுச் செலவு 1,41,667 ஆகிறது. அறக்கட்டளை ஒன்றில் ஆண்டுக்கு 50,000 வீதம் கிடைத்தால் மிச்சம் 91,667. மாதம் சுமார் 7,600 ரூபாய். 9 லட்சம் என்ற மலை 3.67 லட்சமாக இறங்கிவிட்டது. அறக்கட்டளைப் பணம் கிடைக்காவிட்டாலும் 5.67 லட்சம்தான். இந்தக் குடும்பம் செய்தது என்ன? தாசில்தார் அலுவலகத்தில் ஒரு வருமானச் சான்றிதழ் வாங்கியது. ஒரு விண்ணப்பம் போட்டது. இதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

5. மிச்சத்துக்குக் கடன்

உதவித்தொகை போக மிஞ்சியதற்குத்தான் கடன் வாங்கவேண்டும், முழுவதற்கும் வாங்கக்கூடாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு இது இல்லை.

மத்திய அரசு ஊழியர்களில் 2004க்கு முன் சேர்ந்தவர்கள் பிள்ளையின் மேற்படிப்புக்கு ஜி.பி.எஃப்.பிலிருந்து எடுக்கலாம். என்.பி.எஸ்.ஸில் உள்ளவர்கள் மூன்று ஆண்டுக்குப் பின் தம் சொந்தப் பங்கில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். நம் வீடுகளில் அதுவே முதல் வழியாக இருக்கிறது.

6. சான்றிதழும் காலமும்

உதவித்தொகையை இழப்பவர்களில் பலர் மதிப்பெண் இல்லாமல் இழப்பதில்லை; கடைசி நாளன்று ஒரு காகிதம் குறைந்து இழக்கிறார்கள். ஆகவே:

11ஆம் வகுப்பில்: ஆதார், பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நம்மவர்களுக்கு இன்ஷியல் பெரிய தலைவலி. ஓரிடத்தில் 'எஸ். கவிதா', வேறோரிடத்தில் 'கவிதா சுப்பிரமணியன்', மற்றோரிடத்தில் 'கவிதா எஸ். நாடார்' என்று இருந்தால் கம்ப்யூட்டர் மூவரையும் மூன்று ஆளாகவே எடுத்துக்கொள்ளும். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாருடன் இணையுங்கள்.

12ஆம் வகுப்பு தொடங்கும்போது: டொமிசைல், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் ஊரிலிருந்து நேட்டிவிட்டி. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஏப்ரல், மே: புதிய நிதியாண்டின் வருமானச் சான்றிதழ். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கும் நெஸ்ட் போன்ற தேர்வுகளுக்கும் விண்ணப்பம்.

கல்லூரியில் சேர்ந்தபின்: தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒரு முறைப் பதிவு செய்து விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரி அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். பிள்ளை நேரில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், ஒப்புதல் ஆகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

ஒரே சமயத்தில் இரண்டு அரசு உதவித்தொகை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. எது பெரியதோ அதைத் தேர்ந்தெடுங்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

7. கிடைத்ததைக் காப்பது

மத்தியத் திட்டத்தில் அடுத்த ஆண்டும் பணம் வர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதலாண்டில் புதிய ஊர், புதிய சாப்பாடு, விடுதி வாழ்க்கை என்று பிள்ளைகள் சற்றுத் தடுமாறுவது இயல்பு. அந்த ஆண்டில்தான் உதவித்தொகையை இழப்பதும் அதிகம்.

கணித மேதை இராமானுஜனுக்கே இது நேர்ந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் இழந்தார். பிறகு பல ஆண்டு அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்த பிறகே வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கணக்குப் போட முடிந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். அறிவு அவரிடம் முதலிலிருந்தே இருந்தது. அடுப்பு எரிய ஒரு வழி கிடைத்ததும் அது உலகுக்குப் பயன்பட்டது.

வீட்டுப் பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: தந்தையின் சொந்த மாநிலம்; 12ஆம் வகுப்பு மாநிலமும் போர்டும்; குடும்பம் மகாராஷ்டிரத்துக்கு வந்த ஆண்டும் அதற்கான ஆதாரமும்; ஆண்டு வருமானம்; கையில் உள்ள சான்றிதழ்கள்; இல்லாத சான்றிதழ்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே எந்த வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். தொகைகளும் கடைசித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சென்ற ஆண்டுகளில் வெளி மாநிலம் போய்ப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் சங்கத்துக்கு வந்து, இப்போது 11, 12 படிக்கும் தம்பி தங்கைகளோடு ஒரு மணி நேரம் பேசினால், இக்கட்டுரையைவிடப் பெரிய உதவியாக இருக்கும். படிக்கப் போகும் பிள்ளைகள் அனைவருக்கும் நம் வாழ்த்துகள்.